ஒன்பது மணிக்குத் திணறும் ஏழாம் இயந்திரம்

சர்வர் கம்பெனியில் வேலை என்று அவள் சொன்ன நாள்முதல், "அண்ணி, இன்னிக்கு என்ன ஸ்பெஷல்?" என்று கொழுந்தனார் கேட்கத் தொடங்கினார். பதினான்கு ஆண்டுகளாக அதே கேலி. முதலாண்டு சிரித்தாள், பின்னர்ச் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினாள், இப்போது அதற்கும் தெம்பில்லை.

பிறருடைய இணையதளங்கள் குடியிருக்கும் சர்வர் எனும் கணினிகளை வாடகைக்கு விடும் நிறுவனம் அது. வாடிக்கையாளர் குறைகளைத் தொலைபேசியில் கேட்டுத் தீர்ப்பது அவள் பணி. அலுவலகத்தார்க்கு அவள் சர்வர் அக்கா. அங்கே வாடகை இருவகை. ஓர் இயந்திரத்தை ஒருவரே முழுதும் ஆள்வது தனி சர்வர். ஒரே இயந்திரத்தை மென்பொருளால் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் தனிக் கணினியே போல் இயங்குமாறு பலர்க்கு அளிப்பது வி.பி.எஸ். அடுக்குமாடி வீடுகளைப்போலக் கதவும் பூட்டும் தனித்தனி. மேல்நிலைத் தொட்டி மட்டும் ஒன்று. கீழ்வீட்டார் குழாயை முழுதும் திறந்துவிட்டால் மேல்வீட்டில் சொட்டுத்தான்.

மூவர் இருந்த பிரிவுக்கு இருவர் போதும் என நிர்வாகம் முடிவு செய்தது. மாத இறுதிக்குள் வாடிக்கையாளர் ஒருவரையேனும் வாடகை மிகுந்த தனி சர்வருக்கு மாற்றாதவர் விலக வேண்டும். எவரையும் மாற்றாதவள் அக்கா ஒருத்தியே. ஐம்பத்திரண்டு வயதில் தனக்கென வேறொரு நாற்காலி எங்கும் காத்திராது என்பதை அவள் அறிவாள்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில், ரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்துபவர் அழைத்தார்.

"மேடம், மறுபடியும் ஒன்பது மணி, மறுபடியும் முக்குது. ரத்தம் குடுத்தவங்க ரிசல்ட் பாக்க முடியாம என் ரத்தத்தைக் குடிக்கிறாங்க!"

அக்கா திரையை நோக்கினாள். அவருடைய வி.பி.எஸ். இருந்தது ஏழாம் இயந்திரத்தில். அதிலேயே குடியிருந்த ஒரு துணிக்கடைத் தளம், நாள்தோறும் ஒன்பது மணிக்கு ஆயிரக்கணக்கான படங்களைச் சுருக்கிக்கொண்டிருந்தது.

"தப்பு உங்க பக்கம் இல்ல சார். பக்கத்துல ஒருத்தர் அந்த நேரத்துல மொத்தத்தையும் இழுத்துக்கிறாரு. உங்களை வேற மெஷினுக்கு மாத்திடறேன். கூடுதலா ஒண்ணும் தர வேணாம்."

"அங்கயும் ஒரு பக்கத்து வீட்டுக்காரன் இருப்பான்ல? எனக்குத் தனி சர்வரே குடுங்க."

"உங்களுக்கு அது பெரிசு சார். அதுல ஒரு பாகம் பழுதானா, வேற மாட்டி முடிக்கிற வரைக்கும் கூடத்தையே மூடின மாதிரிதான்."

"நானும் வியாபாரம் பண்றவன் மேடம். வேணாம் வேணாம்னு சொல்லி விக்கிறவங்களை இப்பதான் பாக்கறேன். மேலாளரைக் குடுங்க."

மேலாளர் இரண்டே நிமிடத்தில் ஆர்டரை முடித்து, அக்காவின் பெயரில் பதிந்தார். "பாத்தீங்களாக்கா, தானா வந்து மடியில விழுது. நீங்க வாயை மூடிட்டு இருந்தாலே போதும்."

புதிய இயந்திரம் பொருத்தித் தயாராக மூன்று நாளாகும். அதுவரை அந்த மனிதர் காலைதோறும் அல்லற்பட வேண்டுமா? அன்று மாலையே அவருடைய வி.பி.எஸ்.ஸைக் கூட்டமற்ற வேறோர் இயந்திரத்திற்கு அக்கா மாற்றினாள். பத்து நிமிட வேலை. மாற்று என்று எவரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஒன்பதே காலுக்குத் தொலைபேசி ஒலித்தது.

"மேடம், பறக்குது! தனின்னா தனிதான். நேத்து என்னமா தடுத்தீங்க!"

அடுத்த இருக்கையில் இருந்த கண்ணாடிக்காரி, வெளியே கேட்ட அவர் குரலிலேயே செய்தியை உணர்ந்து, உதட்டின்மேல் விரலை வைத்து அக்காவை இறைஞ்சுவதுபோல் பார்த்தாள். ஒரு "ஆமாம்" போதும்; நாற்காலி நிலைக்கும். அக்கா கண்களை ஒருமுறை மூடித் திறந்தாள்.

"சார், அது இன்னும் பெட்டியை விட்டே வெளிய வரல. இது உங்க பழைய வி.பி.எஸ்.தான். எடத்தை மட்டும் மாத்தினேன்."



"அப்ப… தனி சர்வர்?"

"தேவையில்ல சார்."

"அப்ப அதை ரத்து பண்ணிடுங்க," என்றவர் நன்றி கூறவும் மறந்து வைத்துவிட்டார்.

"உங்களுக்குப் பைத்தியமாக்கா? சும்மா இருந்திருக்கலாம்ல?" என்று கண்ணாடிக்காரி கடிந்துகொண்டாள்.

"இருந்திருக்கலாம். ரெண்டு நாள் கழிச்சு நெசமாவே மாத்தும்போது, மறுபடியும் எதை மாத்தறீங்கன்னு கேப்பாரு. அதுக்கு இன்னொரு பொய். மெஷினைப் பராமரிச்சே இடுப்பு ஒடிஞ்சு போச்சு. பொய்யையும் சேத்துப் பராமரிக்க என்னால முடியாதுடி."

நண்பகலில் மேலாளர் வந்து, அவள் முகத்தைப் பாராமல் மேசையைப் பார்த்தே பேசினார். "மாசக் கடைசி வரைக்கும் வாங்கக்கா." அவள் தலையசைத்தாள். அழுகை வரவில்லை, அயர்ச்சிதான் வந்தது.

பின்பு, பொறுப்பை ஒப்படைக்கும் குறிப்பை எழுத அமர்ந்தாள். முதல் வரியிலேயே, ஏழாம் இயந்திரத்தில் காலையில் நெரிசல் மிகும் எந்தத் தளத்தையும் குடிவைக்கலாகாது என்று எழுதினாள், காரணத்தையும் விரித்துரைத்தாள்.

"போற நேரத்துல இதெல்லாம் எதுக்குக்கா?" என்றாள் கண்ணாடிக்காரி.

"நான் போனாலும் ஒன்பது மணி வரும்ல," என்று சொல்லி, அக்கா இரண்டாம் வரியைத் தொடங்கினாள்.