பேங்க் மூடிட்டான்னு சொன்னவ நான்தான்

டோரத்தி கெழவிக்கு இடுப்பு ஒடஞ்சதுக்கும் வீடு போனதுக்கும் காரணம் நான்தான். ஐஸ் வழுக்கிடுச்சு, வயசாயிடுச்சுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. நம்பாதீங்க. நான் சொன்ன ஒரே ஒரு பொய்!

என்ன, அதுக்குள்ள மூஞ்சியைச் சுளிக்கிறீங்க? இன்னும் ஆரம்பிக்கவே இல்லயே...

அமெரிக்காவுல, பார்சிப்பனிங்கற ஊருல என் மகன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி அவ. வெள்ளைக்காரி. நூறைத் தொடப்போற வயசு. தனியாவே இருந்தா. எழுபது வயசு மக ஒருத்தி வாராவாரம் வந்து, வயசானவங்க இருக்கற ஹோமுக்கு வந்துடும்மான்னு கெஞ்சுவா. பொணமாத்தான் இந்த வீட்டுலேர்ந்து வெளிய போவேன்னு இவ கத்துவா. எல்லாம் இங்கிலீஷ்தான். என் பேத்தி ரியா எனக்கு அர்த்தம் சொல்லுவா.

அந்த ரியாவுக்கு ஸ்கூல்ல ஒரு ப்ராஜெக்ட். ரெண்டு உலகப் போருக்கும் நடுவுல அமெரிக்காக்காரன் சோத்துக்குச் சிங்கி அடிச்ச கதையை, அதைப் பாத்தவங்ககிட்டயே கேட்டுட்டு வரணுமாம். போனைத் தூக்கிட்டு டோரத்தி வீட்டுக்குப் போனா. நானும் தொத்திக்கிட்டேன்.

அவ சொல்லச் சொல்ல ரியா அரைத் தமிழ்ல எனக்குச் சொன்னா. டோரத்தியோட அப்பாவுக்குப் பட்டு மில்லுல வேலை. மில்லை மூடிட்டான். அம்மா மாவு மூட்டைத் துணியில கவுன் தச்சுப் போட்டாளாம். ரோட்டோரம் மொளச்ச கீரையைப் பறிச்சு சூப்பாம். அப்புறம் பேங்கையும் மூடிட்டான். அப்பன் கையைப் புடிச்சுக்கிட்டு அந்தக் கதவு முன்னால நின்னிருக்கா. அந்த மனுஷன் தட்டிக்கிட்டே இருந்தாராம்... போட்டதெல்லாம் போச்சு.

ரியா கண்ணுல தண்ணி!

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "நானும் பசியில புளியங்கொட்டையை வறுத்துத் தின்னவதான்டி. என்னையும் ரெக்கார்ட் பண்ணு"ன்னேன்.

"நாட் நவ், பாட்டி. இது அமெரிக்கன் ஹிஸ்டரி."

அவளுக்குப் பசிச்சா ஹிஸ்டரி. எனக்குப் பசிச்சா என்ன, வாயுத் தொல்லையா?

அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுல எல்லாரும் ரியாவோட டான்ஸ் கிளாஸுக்குப் போயிட்டாங்க. டோரத்தி வேலியோரம் குருவிக்குத் தீனி போட்டுக்கிட்டே, "ஹலோ, ஹனி!"ன்னா. நான் எழவு வீட்டுக்குப் போற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல ஒரு போடு போட்டேன். "டிவி டெல்லிங்... பேங்க் க்ளோஸ். ஆல் மணி கான்!"

தீனியெல்லாம் கீழ கொட்டிடுச்சு. அவ மூஞ்சி... அப்படியே சின்னப் பொண்ணு மூஞ்சி! எனக்கு என்ன சிரிப்பு! முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு உள்ள ஓடினேன்.

ஜன்னல்ல எட்டிப் பாத்தா, கோட்டு கூட இல்லாம, வீட்டுச் செருப்போட, ஹேண்ட்பேக்கை மார்ல அணைச்சுக்கிட்டுப் பனியில போறா. சும்மா சொன்னேன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்... குடுக்கலயே! தெருமுனையோட திரும்பிடுவான்னு நெனச்சேனா? இல்ல. எவ்வளவு தூரம்தான் போறான்னு பாக்க ஆசையா இருந்துச்சு. இவ்வளவு கெட்டவளா நான்?

ஞாயித்துக்கிழமை பேங்க் பூட்டித்தானே கெடக்கும்? அந்தக் கண்ணாடிக் கதவை அவளும் தட்டித் தட்டிப் பாத்திருக்கா. திரும்புறப்ப விழுந்துட்டா. நான் அப்ப குக்கர் வச்சுட்டு விசிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்.

அவ மக ஆஸ்பத்திரியில அழுதாளாம். அம்மாவுக்கு மூளை கலங்கிடுச்சு, பேங்க் திவாலுன்னு பெனாத்துறா, இனிமே தனியா விட முடியாதுன்னு. ஹோம்ல சேத்தா. வீட்டை வித்தா.

போன வாரம் ரியா என்னை அந்த ஹோமுக்கு இழுத்துட்டுப் போனா. டோரத்தி என்னைப் பாத்ததும் கையைப் புடிச்சு, கண்ணுல ஒத்திக்கிட்டு என்னமோ சொன்னா.

ரியா திகைச்சுப் போயிட்டா. "பாட்டி, எல்லாரும் அவங்ககிட்ட லை பண்றாங்களாம். நீங்க மட்டும்தான் ட்ரூத் சொன்னீங்களாம். தேங்க்ஸ் சொல்றாங்க... வாட் டிட் யூ டெல் ஹர்?"

சொல்லியிருக்கலாம். இதோ, முன்ன பின்ன தெரியாத உங்ககிட்ட சொல்றேன்ல...

"பாவம்டி, கெழவிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு"ன்னேன்.

ரியா நம்பிட்டா. டோரத்தி என் கையை விடவே இல்ல.