வக்கீல் கட்சியைப் பேசிய பண்டிதர்

போன மாதம் காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில் கூட்டம். அந்த வீட்டுச் செட்டியார் நடத்தும் பாடசாலையில், பழைய சித்தாந்த உரைகளைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு இனியும் தேவைதானா? அதுதான் விஷயம். மூடினால் பண்டிதருக்கு வேலை போய்விடும். மனிதருக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் வேறு.

மூடச் சொன்னவர் நம் நண்பர் வக்கீல். மதராஸில் படித்தவர். ஐரோப்பாவில் புது அறிஞர்கள் வந்ததும், மத்திய காலத்து மடத்துச் சாமியார்களின் தத்துவத்தையும் சமய விசாரத்தையும் குப்பையில் கொட்டினார்களாம். நாமும் கொட்ட வேண்டுமாம். கைதட்டல் பலம்.

பண்டிதர் எழுந்தார். சாத்திர வாதத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் கட்சியை, எதிராளியே தலையாட்டும்படி முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகுதான் மறுப்பு. இவர் வழக்கத்தை விடுகிற ஆளா? வக்கீல் சொன்னதை வக்கீலைவிட அழகாகச் சொன்னார். அவர் விட்ட ஓட்டைகளையும் அடைத்தார். எனக்கே வகுப்பை மூடிவிடலாம் என்று தோன்றிவிட்டது...

மறுப்புக்கு வருமுன் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். அதுதான் தப்பு. இலை போட்டாயிற்று என்று உள்ளேயிருந்து ஆள் வந்தான்.

“பண்டிதரே சொல்லிட்டீக. அப்புறம் என்ன, மூடிருவோம்” என்று செட்டியார் எழுந்தார். கூட்டமும் பின்னாலேயே பந்திக்குப் போயிற்று. பண்டிதர் செம்பும் கையுமாக நின்றார்.

ஒருவர் மட்டும் நகரவில்லை — வக்கீல்.

“இதுக்கு என்ன மறுப்புச் சொல்லுவீக?” என்றார். குரலில் கொஞ்சம் கலக்கம்.

“அது ஒரு நாள்ல முடியாது. காலையில வாங்க.”

போனார். இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறார். வகுப்பை மூடக் கூடாது என்று செட்டியாரிடம் சொல்லித் தடுத்ததும் அவரே.

ஆனால் மேடையில்? போன வாரம் நாட்டரசன்கோட்டையில் பழைய உரைகளை வெளுத்து வாங்கினார். உதாரணங்களெல்லாம் பண்டிதருடையவை!

மாதா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். ஐரோப்பாவிலும் இதே கதைதானாம். சாமியார்களைத் திட்டிய அறிஞர்கள் பலர், திட்டுவதற்கான சரக்கைச் சாமியார்களின் புத்தகத்திலிருந்தே எடுத்தார்களாம்.

இது என்ன இரட்டை வேஷம் என்று வக்கீலையே கேட்டுவிட்டேன். “ஒழிக்கணும்னா முதல்ல நல்லாத் தெரிஞ்சுக்கிடணும்ல” என்றார்.

ஒழித்துக்கட்ட இன்னும் மூன்று வருஷப் பாடம் பாக்கியாம்.