முப்பதாவது விநாடியில் நின்ற பேச்சு

ஊரே 'கட்டிங் மாஸ்டர்' என்று கொண்டாடிய அந்தத் தையல்காரர், வாழ்நாளில் ஒரு சட்டைத் துணியைக்கூட வெட்டியதில்லை. அளவெடுப்பார், தைப்பார், தைத்ததை மாட்டிவிட்டு "எப்படி?" என்று முதுகைத் தட்டுவார். திரைக்குப் பின்னால் கத்தரியோடு நின்றது அவர் மனைவி. முப்பத்தெட்டு வருடம் வெட்டினார். துணி உள்ளே போயிற்று, பாராட்டு மட்டும் வாசலோடு நின்றுவிட்டது.

"வெளியில ஒரு வாட்டியாவது நான்தான் வெட்டுறேன்னு சொல்லியிருக்கீங்களா?" என்று அந்த அம்மாள் சண்டை பிடிக்காத மாதமில்லை.

"ரேடியோவுலயே சொன்னேனே!" என்பார் கணவர்.

வம்பே அங்கேதான். வானொலி நிலையம் அவரைப் பேட்டி எடுத்தது உண்மை. ஆனால் அது ஒலிபரப்பான நேரத்தில் அந்த வட்டாரத்தில் மின்சாரம் இல்லை. சாட்சி சொல்ல ஒரு காதுகூடக் கிடைக்கவில்லை. "கரன்ட் போற நேரமாப் பார்த்து என்னைப் புகழ்ந்தாராம்" என்று அம்மாள் நக்கலடிப்பார். கணவர் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகியும் அந்த வழக்கு மட்டும் முடியவில்லை.

போன மாதம் மருமகள் கைப்பேசியை நீட்டினாள். வானொலி நிலையம் தன் பழைய ஒலிநாடாக்களை இணையக் காப்பகத்தில் ஏற்றியிருந்தது. "அத்தை, மாமா குரல்!"

முப்பது விநாடி மட்டும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மனுஷன் ஊசி, நூல், பொத்தான் என்று இழுத்தார். கடைசியில், "என் வீட்டுக்காரியைப் பத்திச் சொல்லணும்னா..." என்றார். அதோடு நின்றது. திரையில் ஒரு பூட்டுப் படம்.

அம்மாள் கைப்பேசியை உதறிப் பார்த்தார். அறுபது தடவை கேட்டார். அடுத்த வார்த்தை 'ஒண்ணுமில்லை' என்று இருந்துவிட்டால்? அந்தப் பயத்தை மருமகளிடம் சொல்லவில்லை.

மறுநாளே காப்பக அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். மேசையிலிருந்த ஊழியர் கணினியைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அவர் ஒரே ஒரு ஒலிபரப்புக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா. முழுசாத் திறக்கணும்னா வாரிசு சம்மதிக்கணும். மூணு லெட்டர் போட்டோம். பதிலே இல்லை."

"மனசாட்சி இல்லாத ஜென்மம்! யாரு தம்பி அது?"

ஊழியர் கடிதம் போன முகவரியைப் பார்த்தார். விண்ணப்பத்தைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே கதவு எண்.

"உங்க வீட்டுக்குப் பெரிய பழுப்புக் கவர் எதுவும் வந்துச்சாம்மா?"

வந்தது. மூன்றும் வந்தன. கெட்டியான தாள். காலருக்கு அச்சு வெட்ட அதைவிடத் தோதான தாள் கிடைக்குமா? பிரிக்காமலே கத்தரி வைத்துவிட்டார். பேரனின் பள்ளிக்கூடச் சட்டைக் காலரெல்லாம் அந்தக் கடிதங்களின் தயவுதான்.

ஊழியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தை நீட்டினார். விண்ணப்பிப்பவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, சம்மதிப்பவர் என்ற இடத்தில் இன்னொன்று.

"யோசிச்சுத்தானே சம்மதிக்கிறீங்க?"

"விசாரிச்சுட்டேன் தம்பி. கேக்குற பொம்பளை நல்லவதான்."

ஹெட்போனை மாட்டினார்கள்.

"...சொல்லணும்னா, வெட்டுறது பூரா அவதான். நான் வெறும் தையல்காரன்." பேட்டி எடுத்தவர் சிரித்து, "மாஸ்டருக்குத் தன்னடக்கம்!" என்றார். "சிரிக்காதீங்க சார். அவ கத்தரி வைக்கலேன்னா இந்த ஊர்ல பாதிப் பேருக்குத் தோள்பட்டை கோணலாத்தான் தெரியும். கடையில சொல்ல எனக்குத் தைரியம் வரலை. அதான் இங்க சொல்றேன்."

அம்மாள் அழுதார். பொய்யர் என்று எத்தனை வருடம் திட்டியிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் பாக்கி. "இதை யாரெல்லாம் கேக்கலாம்மா? குடும்பம் மட்டுமா, எல்லாருமா?"

அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "எல்லாரும். அவர்கிட்ட சட்டை தைச்சவங்க ஒருத்தர் விடாம கேக்கணும். கேட்டுட்டு, வீட்டுப் பக்கம் வந்து எங்கிட்டயும் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லுங்க."