ஓரம் வரை தேய்ந்த டயர்

ஆய்வகத்துக்கு ரத்த மாதிரிகளை பைக்கில் சுமக்கும் அவளுக்கு ஒரே ஆசை, மலைப்பாதை வேலை தன் கைக்கு வரவேண்டும் என்பதுதான். வீடே மலைமேல் என்பதால், பதினொரு வருடமாகத் தினமும் அந்த வளைவுகளில் ஏறி இறங்குகிறவள். மேலாளர் மட்டும் மசியவில்லை.

"வளைவுல வழுக்குச்சுன்னா என்னம்மா பண்ணுவீங்க? நானும் அதே ரோட்லதான் வர்றேன், சும்மா பறப்பேன்! அதெல்லாம் ஆம்பளைங்க வேலை" என்றார், இருவரும் டயர் மாற்றப் போயிருந்த கடையில்.

டயர்க்காரர் கழற்றிய பின்டயர்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஒன்று நடுவில் மொட்டையாகி, ஓரங்களில் புதுசு போலப் பளபளத்தது. மற்றது ஓரம் வரை சீராகத் தேய்ந்திருந்தது. சறுக்கிய கீறல் ஒன்றுகூட இல்லை.

ஓரம் தேய்ந்ததைத் தட்டிக் காட்டினார். "வளைவுல நல்லா சாய்ஞ்சு, ரோட்டைக் கவ்விப் புடிச்சாத்தான் இப்படித் தேயும். அந்த இன்னொரு வண்டி சாயவே பயப்படுது."

மேலாளர் மீசையை நீவிக்கொண்டார். "பாத்தீங்களாம்மா? தேய்ஞ்சது என்னோடது."

"இல்ல சார், பளபளன்னு இருக்கே, அதுதான் உங்களோடது" என்றார் டயர்க்காரர்.

அவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. மேலாளர் தொண்டையைக் கனைத்தார்.

"சரி, திங்கக்கிழமையிலேர்ந்து மலைப்பாதையை நீங்களே பாத்துக்குங்க. அப்புறம்... எப்படிச் சாயறதுன்னு எனக்கும் ஒருநாள் காட்டுங்கம்மா."

"ஒருநாள் எதுக்கு சார்? இன்னிக்கே வீட்டுக்குப் போறப்ப காட்டுறேன். நான் முன்னாடி போறேன், நீங்க பின்னாலயே வாங்க."