திட்டியில் மூட்டிய நெருப்பு

போன மாதம் மருமகன் என்னை நீர்கொழும்புப் பக்கத்துத் தீவொன்றுக்குக் கூட்டிப்போனான். கொழும்பில் வேலை செய்கிறவர்கள் சனி ஞாயிறில் போய்க் காலை நீட்டிக் கிடக்கிற இடம். படகோட்டி கயிற்றை ஒரு தரம் இழுத்தான், எஞ்சின் பிடித்தது. பெற்றோல் மணம் ஏறியதும் என் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது.

"என்ன மாமா, நெஞ்சு நோகுதோ?"

நெஞ்சு அல்ல. குப்பி.

போர்க்காலத் தடையால் வன்னிக்குள் பெற்றோல் வராத வருடங்கள் அவை. மோட்டார் சைக்கிளும் வள்ளமும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் ஆறிப்போன எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது. ஊசிமருந்துக் குப்பியில் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் நாலைந்து சொட்டு விட்டுத்தான் அதை உசுப்ப வேண்டும். பிறகு தன்பாட்டுக்கு ஓடும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தர்மபுரத்தில் தோட்டம் கொத்தினேன், புதுக்குடியிருப்பில் விறகு ஏற்றினேன், அலுத்ததும் மேற்குக் கரைக்குப் போய்ச் சூசை அண்ணையின் மீன்வாடியில் கருவாடு காயப்போட்டேன். கரையிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் ஒரு மணல்திட்டி இருந்தது. தாழம்புதரும் வெள்ளை மணலும்தான், சனமில்லை.

அண்ணையின் மனைவி ராணியக்கா அங்கே போகவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றா. "பங்கருக்குள்ள குந்தி முதுகு கூனிப்போச்சு. ஒரு நாளைக்கெண்டாலும் வானத்தைப் பாத்துப் படுக்கவேணும்."

"நாங்கள் வானத்தைப் பாக்க, வானம் எங்களைப் பாத்தால்?" என்றார் அண்ணை. என்றாலும் ஒரு ஞாயிறு கூட்டிப்போனார்.

வலை வீச இறங்குமுன் குப்பியை என்னிடம் தந்தார். "தண்ணி படாமல் வைச்சிரு, தம்பி."

முந்தின நாள் மழை. விறகு நனைந்திருந்தது. நெருப்புப்பெட்டியில் மூன்று குச்சிதான், அதில் இரண்டு வீணாகிவிட்டது. அக்கா அங்கால் மீன் கழுவிக்கொண்டிருந்தா. இரண்டு சொட்டு விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று குப்பியின் றப்பர் மூடியைப் பல்லால் இழுத்தேன். மூடி படக்கென்று கழன்றது. முழுவதும் விறகில் கொட்டியது. கடைசிக் குச்சியைக் கிழித்தேன், நெருப்பு மூஞ்சிக்கு எழும்பியது. வெறும் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்ட மனிதன் குறைவாகத்தான் அடிப்பான்.

குழம்பு இன்னும் கொதிக்கவில்லை, தெற்கே அந்தச் சத்தம் கேட்டது. இராணுவ ஹெலிகொப்டர். நனைந்த விறகின் புகை தென்னை உயரத்துக்கு வெள்ளையாக நின்றது.

"வள்ளத்துக்கு ஓடுங்கோ!" கரைக்கு ஓடிவந்த அண்ணை கையை நீட்டினார். "குப்பி!"

கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எங்கயடா பெற்றோல்?"

நெருப்பைக் காட்டினேன்.

"பசியில குடிச்சிருந்தாலும் மன்னிச்சிருப்பன்!"

அவர் மண்ணை அள்ளி நெருப்பில் கொட்டப் போக, அக்கா கையைப் பிடித்தா. "இஞ்சாருங்கோ, அணைக்காதையுங்கோ! எஞ்சின்ர பிளக்கைக் கழட்டித் தாங்கோ. சூடாக்கினால் எழும்பும்."

"புகையைக் கண்டால் சுடுவாங்கள்."

"எஞ்சின் எழும்பாட்டிலும் சுடுவாங்கள்."

குறட்டால் பிளக்கைப் பிடித்துத் தணலுக்குள் வைத்தா. எங்களைக் காட்டிக்கொடுக்கிற நெருப்பை நாங்களே ஊதினோம். சத்தம் பெருத்துக்கொண்டு வந்தது. என் காலில் சூடாக வழிந்தது கடல்நீர் அல்ல.

பிளக்கைக் குறட்டோடு ஏந்திக்கொண்டு ஓடிப் பூட்டினார்கள். ஒரு இழுவை. ஒன்றுமில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதில் இருமியது, இருமி இருமிப் பிடித்தது.

பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். ஹெலி திட்டியின் மேல் வட்டமிட, மணல் வரிசையாக எழுந்தது. எங்கள் குழம்புச் சட்டியைத்தான் சுட்டார்கள். ராணியக்கா வள்ளத்தின் அடியில் மல்லாந்து கிடந்தா, கண் வெட்டாமல் வானத்தைப் பார்த்தபடி.

கரையில் அண்ணை வெறும் குப்பியை என் பைக்குள்ளேயே திரும்பப் போட்டார். நான் வெகுகாலம் அதைக் கொண்டு திரிந்தேன், பிறகு இடம்பெயர்ந்து ஓடிய ஏதோ ஒரு ஓட்டத்தில் விழுந்துவிட்டது. வாடி இப்போது இல்லை. அண்ணையும் அக்காவும் எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. திட்டியையும் கடல் அரித்துவிட்டதாகக் கேள்வி.

நீர்கொழும்பில் மத்தியானம் மீன் சுட்டார்கள். மருமகனின் பிள்ளைகள் விறகைத் தூண்டிவிட்டுக் கைதட்டினார்கள். புகை வெள்ளையாக, நேராக மேலே போனது. மணலில் மல்லாந்து கிடந்தவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். நான் ஒருவன்தான் எழும்பிப் போய் வள்ளத்தடியில் நின்றேன்.