அக்காவின் சர்க்கரை என் சட்டைப்பையில்

தெரியாததைத் தெரியும் என்று சொன்னேன். ஒரு கடையில், ஒரு நொடியில், தலையை ஆட்டிச் சொன்னேன். அதனால் இன்று என் அக்கா சாகலாம். அல்லது நாளை. எந்த நாள் என்று தெரியாமல்தான் பயந்துகொண்டிருக்கிறேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் எங்கள் சபைக்கு வருகிறவர் இல்லை, என் அக்காவையும் அறியாதவர். கோழைக்கு அந்நியர்தான் சௌகரியம்.

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் அப்பா வாங்கிப்போட்ட பழைய வீட்டில் நானும் ரூபி அக்காவும் இருக்கிறோம். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லையே என்று கவலைப்பட்டவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் ஹப்சிகுடாவில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன்.

அக்காவுக்குச் சர்க்கரை நோய். மூன்று வேளையும் இன்சுலின் ஊசி. சர்க்கரை ஏறினால் எப்படியோ சமாளித்துவிடுவாள், இறங்கினால்தான் ஆபத்து. வியர்க்கும், பேச்சு குழறும், அப்படியே சாய்ந்துவிடுவாள். போன வருஷம் சமையலறையில் அப்படி விழுந்தவளுக்கு நெற்றியில் தையல் போட்டோம்.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சபையில் யார் புதிய கைபேசி வாங்கினாலும் என்னைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். ஆராதனை முடிந்து நான் வெளியே வந்து செருப்பைத் தேடுவதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். மலிவானது போதுமா, விலை கூடியதுதான் வேண்டுமா? நான் மோவாயைத் தடவியபடி தீர்ப்புச் சொல்வேன். பாதி கேள்விஞானம், மீதி தோரணை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை! எங்கள் சபைக்கு அந்த இலுப்பைப்பூ நான்தான். "எனக்குத் தெரியாது" என்று ஒருவரிடமாவது நான் சொன்னதாக நினைவில்லை.

அக்காவின் பழைய கைபேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்துப்போனது. இரண்டு பேரும் கடைக்குப் போனோம். ஒரே கம்பெனியின் புது வரவு, இரண்டு தரத்தில் இருந்தது. ஒன்று சாதா. மற்றது பெயருக்குப் பின்னால் 'ப்ரோ' என்று வால் முளைத்தது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ப்ரோவை எனக்கென்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

அக்கா இரண்டையும் கையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். "ரெண்டுக்கும் என்னடே வித்தியாசம்? டாக்டரு கையில ஒட்டுத சர்க்கரை மெஷினு ஒண்ணு சொன்னாருல்லா, போன்ல காட்டுமாம்லா... அது இதுல ஓடுமா?"

கவனியுங்கள். அவள் சரியான கேள்வியைத்தான் கேட்டாள்.

விற்பனைப் பெண் வாயைத் திறந்தாள். சாதா மாடலில் என்.எஃப்.சி. கிடையாது என்று தெலுங்கில் ஆரம்பித்தாள். தொட்டால் படிக்கும் வசதிக்கு அதுதான் பெயர். கடையில் கைபேசியைத் தொட்டுக் காசு கொடுப்பதற்கான வெளிநாட்டு டாம்பீகம் அது என்பதைத் தாண்டி எனக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. கையை உயர்த்தி அவளை நிறுத்தினேன். "அதெல்லாம் தெரியும்மா" என்றேன். அக்காவிடம் திரும்பி, "எல்லாம் ஓடும்க்கா. ரெண்டும் ஒண்ணுதான். கேமரா மட்டும் கொஞ்சம் வேற" என்றேன்.

ஏன் சொன்னேன்? விற்பனைப் பெண்ணைப் பேசவிட்டிருந்தால் எனக்குத் தெரியாத ஒன்றை அக்காவின் முன்னால் அவள் சொல்லியிருப்பாள். அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது, சொல்லவே கூசுகிறது... அக்கா கையிலும் ப்ரோ இருந்தால் என் ப்ரோவுக்கு என்ன மவுசு?

அக்கா சாதாவை எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது ஆட்டோவில், என்னால் வீண் செலவு மிச்சமானது என்று நன்றி சொன்னாள்.

சில வாரங்களில் டாக்டர் அந்தக் கருவியை எழுதிக் கொடுத்தார். பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளைச் சில்லு. மேல்கையில் ஒட்டிக்கொண்டால் சர்க்கரை அளவை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். இறங்கினால் கைபேசி அலறும். முதலில் ஒரு தடவை கைபேசியால் சில்லைத் தொட்டு உயிர்ப்பிக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே செய்து தருகிறோம் என்றார்கள். எதற்கு, நான் இருக்கிறேனே என்று வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

அக்காவின் கைபேசியால் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பின்பக்கத்தால், மேல்முனையால், உறையைக் கழற்றிவிட்டு... என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். பிறகு அடுத்த அறைக்குப் போய் விவரத்தைத் தேடிப் படித்தேன். தொட்டுப் படிக்கும் வசதி இல்லாத கைபேசியில் இந்தச் சில்லு வேலை செய்யாது. ஒரே வரி. கடைக்காரப் பெண் சொல்ல வந்த வரி.

அப்போதே சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அக்கா சிரித்திருப்பாள். "இதுக்குத்தானா இவ்வளவு பவுசு காட்டினே" என்று இரண்டு நாள் கேலி செய்திருப்பாள். அந்த இரண்டு நாள் கேலிக்குப் பயந்தவன் நான்! இன்றைய பயத்தோடு அதை நிறுத்துப் பார்த்தால் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

திரும்பி வந்து என் ப்ரோவால் தொட்டேன். உடனே உயிர் வந்தது. "இதைக் கூட இருக்கிறவங்க போன்லதான் போடணுமாம்க்கா. நோயாளி கையில இருந்தா நம்பரைப் பாத்துப் பாத்தே பயந்துருவாங்கன்னு அப்படி வச்சிருக்கான்" என்றேன்.

கணக்கு டீச்சர் அதை நம்பினாள். "ஹவ், அதுவும் சரிதான்" என்று இந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ ஆபீஸ்ல இருந்தாலும் தெரியுமாடே?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

தெரியாது. அந்தச் சில்லின் பேச்சு வீட்டுச் சுவர்களைத் தாண்டாது. காலையில் நான் தெருமுனை திரும்பியதும் என் கைபேசியில் அவள் சர்க்கரையைக் காட்டும் கோடு அறுந்து வெறும் புள்ளிகளாகிவிடும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதையும் அவள் என்னை நம்பி விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு மாலை வரை அவள் உடம்பில் நடப்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் கையில் சரியான கைபேசி இருந்திருந்தால் அலாரம் அவள் பக்கத்திலேயே அடித்திருக்கும்.

மாலையில் வீட்டுக்கு வந்து அவள் கையைத் தொட்டால், விடுபட்ட கோடு மெல்ல மெல்லத் தன்னை வரைந்துகொள்ளும். அந்தச் சில விநாடிகள் இருக்கிறதே... அதை நான் எப்படிச் சொல்வேன்! சில நாள் கோடு சமமாக ஓடும். சில நாள் மதியத்தில் பள்ளத்தில் விழுந்து, எப்படியோ தானாக ஏறி வந்திருக்கும். அந்த நேரத்தில் நான் அலுவலகக் கேன்டீனில் தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்திருப்பேன். "இன்னைக்கு எப்படிடே?" என்று கேட்பாள். "நல்லா இருந்துதுக்கா" என்பேன். ஊசி அளவை மட்டும் டாக்டரிடம் சொல்லிக் குறைக்கச் செய்தேன். என் யோக்கியதைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

திருத்த முயலவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். என் கைபேசியை அவளுக்குக் கொடுக்கப் பார்த்தேன். "நக்கோ, நக்கோ. உன் வேலைக்கு வேணும்லா" என்று தள்ளிவிட்டாள். புதிதாக ஒரு ப்ரோ வாங்கித் தருகிறேன் என்றேன். "கைக்கு? எதுக்குடே? ரெண்டும் ஒண்ணுதான்னு நீதான சொன்னே?" என்றாள். என் வாயாலேயே என் வாயை அடைத்தாள். காரணத்தைச் சொன்னால் வாங்கிக்கொள்வாள். காரணத்தைத்தான் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழைய சில்லைப் பிடுங்கிவிட்டுப் புதியதை ஒட்டுவேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தபடியே என் கைபேசியை எடுத்துத் தொடுவேன்.

பிறகு திருநெல்வேலியில் சித்தி மகளுக்குக் கல்யாணம் வந்தது. எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. விழுந்த நாளிலிருந்து தனியாகப் பக்கத்துத் தார்நாக்கா வரைகூடப் போகாதவள், "நான் போயிட்டு வாரேன். நீதான் இங்க இருந்தே பாத்துக்கிடுவியே" என்றாள். தடுத்துப் பார்த்தேன். காரணமில்லாமல் எவ்வளவு தடுக்க முடியும்? ஸ்டேஷனில் எதிர் இருக்கையில் இருந்த அம்மாவிடம், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். வண்டி நகர்ந்தது. நடைமேடை முடிவதற்குள் கோடு அறுந்தது.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தது. "கூடூரு தாண்டிட்டோம்டே... ஊசி போட்டுட்டேன். இட்லி கொண்டாறவன் இன்னும் வரல்ல. ஒரு மாதிரி வருது... எவ்வளவு காட்டுது?"

நாக்கு தடித்துப் பேசினாள். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. என் கையில் இருந்த திரையில் வெறும் புள்ளிக்கோடுதான் இருந்தது.

தெரியவில்லை அக்கா என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஆனால் அவள் நம்பி, நான் சொன்னதைச் செய்ய வேண்டுமே! "அறுபத்திரண்டு. இறங்குது. உடனே மிட்டாயைத் தின்னுங்க. இப்பவே, நான் போனை வைக்க மாட்டேன்" என்று கத்தினேன். அந்த 'இரண்டு' எங்கிருந்து வந்ததோ! பொய்க்கு உருவம் கொடுக்க என் வாய்க்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. காகிதம் பிரியும் சத்தம் கேட்டது, மெல்லும் சத்தம் கேட்டது. எதிர் இருக்கை அம்மா பழச்சாறு வாங்கிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல் தெளிந்தது. "இப்ப எவ்வளவு?" என்றாள். "தொண்ணூத்தெட்டு" என்றேன். அப்படியே குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதை. அன்றைக்கு விட்டம் கிடைத்தது.

ஊரிலிருந்து திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்லும் நேரத்தில் அக்கா எழுந்தாள். எங்கள் சபையில் நன்மை பெற்றவர்கள் எல்லோர் முன்னாலும் நின்று அதைச் சொல்லிக் காணிக்கை படைப்பது வழக்கம். கூச்ச சுபாவக்காரி, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட எழுந்ததில்லை. கூடூரில் தன் உயிர் போக இருந்ததையும், செகந்திராபாத்தில் இருந்தபடியே தம்பி அதைக் கண்டு காப்பாற்றியதையும் சொன்னாள். "ராப்பகலா என் சர்க்கரையைத் தன் சட்டைப்பையில சுமந்துக்கிட்டுத் திரியுதான். இப்படி ஒரு தம்பியைத் தந்ததுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். சபையார் எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நானும்... ஆம், நானும் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் பாவ அறிக்கையை எல்லோரோடும் சேர்ந்து முழங்குகிறவன்தான் நான். இருநூறு குரலுக்கு நடுவே என் குரல் யாருக்குத் தனியாகக் கேட்கப்போகிறது?

ஆராதனை முடிந்ததும் அக்கா பையைத் திறந்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் தன் பழைய கருவியை எடுத்தாள். சபைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு ஏழைப் பெண்ணின் கையில் அதைத் திணித்தாள். அவள் தாயாருக்கும் சர்க்கரையாம். "எனக்கு இனி எதுக்கு? இவன் இருக்கானே" என்று என் தோளைத் தட்டினாள். அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே கண் அது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் என்னையும் கும்பிட்டாள்.

மறுநாளே அதே போல் ஒரு கருவி வாங்கினேன். அது என் அலுவலக மேசை இழுப்பறையில் கிடக்கிறது. என்ன சொல்லிக் கொடுப்பது?

நேற்று அலுவலகத்திலிருந்து மதியம் வீட்டுக்கு அழைத்தேன். தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அழைப்பேன்; குரல் குழறுகிறதா என்று கேட்பதற்காக. தூக்கக் கலக்கத்தோடு எடுத்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்றேன்.

"எனக்கென்னடே, நல்லா இருக்கேன். முன்னெல்லாம் நான் விழுந்து கிடந்தா யாராவது உள்ள வரணுமேன்னு வாசக் கதவைச் சும்மா சாத்தி வச்சிட்டுத்தான் படுப்பேன். கண்ணு அசராது. இப்ப உள்தாழ்ப்பாளு, குறுக்குக் கட்டை எல்லாம் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குதேன். நீதான் பாத்துக்கிட்டே இருக்கியே."

இப்போது மணி இரண்டரை. திரையில் புள்ளிக்கோடு ஓடுகிறது. மாரெட்பள்ளியில் அக்கா சாப்பிட்டு, ஊசி போட்டு, கதவை உள்ளே தாழிட்டுப் படுத்திருப்பாள். இரண்டு தடவை அழைத்துவிட்டேன். இன்னும் எடுக்கவில்லை.