கிளப்புக்குள் போன ரப்பர் செருப்பு

சனிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் வீட்டில் மீன் வாடையையும் மீறிக்கொண்டு ஷூ பாலிஷ் வாசம் வரும். தொண்டியில் இரண்டு விசைப்படகு வைத்திருந்த அய்யா, மற்ற நாளெல்லாம் கைலியோடு கரையில் நின்று கத்திவிட்டு, அன்றைக்கு மட்டும் பேண்டுக்குள் சட்டையைச் செருகிக்கொண்டு ராமநாதபுரத்து மனமகிழ் மன்றத்துக்குச் சீட்டாடப் போவார். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'கிளப்பு'.

கிளப்பின் வாசலில் ஒரு பலகை உண்டு. ஆண்கள் பேண்ட், சட்டை, ஷூ அணிந்து வரவேண்டும். கைலி, வேட்டி, ரப்பர் செருப்புக்கு அனுமதி இல்லை. திருப்பாலைக்குடிப் படகுக்காரர் ஒருவர் கைலியும் ரப்பர் செருப்புமாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததில் தன் மரியாதை போய்விட்டதாக நினைத்து, கூட்டத்தில் எழுந்து பேசி அந்தக் கடைசி வரியைச் சேர்க்க வைத்தவர் அய்யாவேதான். அதை வீட்டில் வந்து பெருமையாகவும் சொன்னார்.

பெண்கள் அந்தப் பக்கம் போனதில்லை. ஒரு வருஷம் முதன்முறையாகக் குடும்ப விருந்து என்றார்கள். அம்மா அதுவரை வெளியே சாப்பிட்டதென்றால் கல்யாணப் பந்தியில்தான். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, ஒருவர் வந்து என்ன வேண்டும் என்று கேட்க, தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய ஆசை. "ஒருநா நானும் கேட்டு வாங்கித் திங்கணும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தாள்.

விருந்துக்கு முந்தின நாள் அய்யாவின் காலில் கெளுத்தி முள் ஏறிப் பாதம் வீங்கிவிட்டது. ஒரு காலில் பளபளக்கும் ஷூவும், கட்டுப்போட்ட மறு காலில் ரப்பர் செருப்புமாக, தெரிந்த இடம்தானே என்று எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

மேனேஜர் வாசலிலேயே மறித்தார். "அண்ணே, நீங்க போட்ட ரூல்சுதான். உங்களுக்கே மாத்துனா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க." பின்னால் வந்த திருப்பாலைக்குடிக்காரர் புது ஷூவோடு எங்களைத் தாண்டி உள்ளே போனார்.

"வா, அங்கன மரத்தடியில சாப்பிடுவோம்" என்றார் அய்யா. டிரைவர்களுக்காக அங்கே புரோட்டாவும் சால்னாவும் போட்டிருந்தார்கள். அம்மா நகரவில்லை. பலகையை மேலிருந்து கீழ்வரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இதுல பொம்பளையாளுக்கு ஒண்ணும் எழுதலையே. நீங்க அங்கன சாப்பிடுங்க, நாங்க வாரோம்" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் ரப்பர் செருப்பு தரையில் சத்தம் போட உள்ளே நடந்தாள். மேனேஜர் திரும்பிப் பலகையைப் படித்துப் பார்த்தார்.

சூப்பு, பிரைடு ரைஸ், மாவில் புரட்டிப் பொரித்த மீன், ஐஸ்கிரீம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். மீனைப் பிட்டு, முள் இல்லாததைக் கண்டு, "என்ன மீன்னே தெரியல" என்றாளே தவிர மிச்சம் வைக்கவில்லை. "சார் வரலியா?" என்று பரிமாறியவர் கேட்டதற்கு, "அவுகளுக்குச் செருப்பு சரியில்ல" என்றாள். ஜன்னல் வழியே பார்த்தேன். வேப்பமரத்தடியில் அய்யா புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அம்மாவை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் பலகையில் பெண்களுக்கும் ஒரு வரி வந்தது. ரப்பர் செருப்பு கூடாதாம். கூட்டத்தில் எழுந்து பேசியவர் இந்த முறையும் அய்யாதான். இதை எழுதும்போதும் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. அம்மா சண்டை போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த விருந்துக்கும் அவள் போகவில்லை.

இன்று கிளப்பும் இல்லை, பலகையும் இல்லை. அந்த இடத்தில் ஏசி ஓட்டல் ஒன்று நிற்கிறது. தனுஷ்கோடியில் குளித்துவிட்டு வரும் கூட்டம் டவுசரும் ஈரத்தலையுமாக உள்ளே நுழைகிறது, கேட்பாரில்லை. போன மாதம் இருவரையும் அங்கே கூட்டிப்போனேன். சர்க்கரை வந்தபிறகு அய்யாவுக்கு ஷூ கிடையாது, ரப்பர் செருப்புதான்.

வாசலில் அம்மா நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அய்யாவிடம், "நீங்க இங்கனயே இருங்க, நாங்க சாப்பிட்டு வாரோம்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நான் சிரித்தேன். அய்யா சிரிக்கவில்லை. காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா உள்ளே போய் நிதானமாகக் கேட்டுக் கேட்டு வாங்கினாள். சூப்பு மேசைக்கு வந்த பிறகுதான், "போயி அவுகளக் கூட்டியா" என்றாள்.